பஜ்ஜி சாப்பிட்டவர்கள் மட்டும் கை தூக்குங்கள்

உங்கள் மேனேஜர் போன வாரம் வீட்டுக்கு வந்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று கேட்டார். நான் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பர்கரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன். அதையெல்லாம் நாங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டோம், நீங்கள் வேறு எதையாவது சொல்லுங்கள் என்றார்.

வந்து பார்த்தேன். உங்களில் பாதிப் பேருக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. அந்த மூலையில் நிற்கிற பெண்ணுக்குத் தொப்பிக்குள் முடி அடங்க மாட்டேன் என்கிறது. எண்ணெய் காய்ந்தால் இங்கே மணி அடிக்கிறது. மணி அடிக்காத இடங்களும் இந்தத் தொழிலில் உண்டு. அப்படி ஒரு காலைப்பொழுதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் அளந்துகொண்டிருந்த சமயம், புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு டிபன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் பதினாறு வயது. சென்னையிலிருந்து ஆந்திரா பக்கம் போகிற பஸ்கள் அங்கே பத்து நிமிடம் நிற்கும். கடையில் உட்கார இடம் கிடையாது. ஜனங்கள் இறங்கி, நின்றபடியே தின்று, கண்டக்டர் விசில் ஊதியதும் கையை வேட்டியிலோ முந்தானையிலோ துடைத்துக்கொண்டு ஓடி ஏற வேண்டும். அதற்குள் ஒரு பஸ் கூட்டத்துக்கும் சூடாக ஏதாவது கையில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஃபாஸ்ட் ஃபுட் என்று அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடையில் வேலைக்கு இருந்தது நானும் முனிரத்தினமும். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். எண்ணெய்ச் சட்டி அவன் பொறுப்பு. காய் நறுக்குவது, சட்னி அரைப்பது, இலையில் வைத்து நீட்டுவது என் பொறுப்பு. முதலாளி கல்லாவில் இருப்பார். சரக்கு வாங்கப் பொன்னேரிக்குப் போகிற நாட்களில் கடை எங்கள் இருவர் கையில்தான்.

அன்றைக்கும் அவர் விடியும்போதே பொன்னேரிக்குக் கிளம்பிப் போய்விட்டார். முதல் பஸ் வருவதற்குள் பஜ்ஜி மாவு கரைக்க வேண்டும். கடலை மாவோடு அரிசி மாவும் சேர்ப்போம், மொறுமொறுப்புக்காக. டின்னில் அரிசி மாவு தீர்ந்திருந்தது. முனிரத்தினம் பலகையைத் துழாவினான். காகிதப் பொட்டலம் ஒன்று, நூல் சுற்றி, மேல் தட்டில் இருந்தது. அரிசி மாவு பொட்டலம் வாங்கி வைப்பதாக முதலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார். அவன் அதைப் பிரித்துக் கொட்டினான். நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். காகிதத்தை அடுப்பில் போட்டான். பஸ் வந்தது. பஜ்ஜி பறந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவியம்மா இருந்தார். கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பேரப்பிள்ளையை இறக்கிவிடாமலே ஒரு கையால் பஜ்ஜியை வாங்கி, வாயால் ஊதி ஊதி ஆறவைத்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் நெருக்கியதால் நான் அவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னேன். விசில் கேட்டது. பஸ் போய்விட்டது.

தூசி அடங்குவதற்குள் ஏகாம்பரம் சைக்கிளில் வந்து இறங்கினார். முதலாளியின் மைத்துனர், பக்கத்துக் கிராமத்தில் நெல் வைத்திருக்கிறவர். நேராக உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார். நேற்று சாயந்திரம் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்துப் பொடியை இந்தத் தட்டில்தான் வைத்துவிட்டுப் போனேன், எங்கே என்று கேட்டார்.

"எப்டி கட்டி இருந்திச்சி?" என்றான் முனிரத்தினம்.

"பேப்பர்ல மடிச்சி நூல் சுத்தி. வெள்ளைப் பொடி."

முனிரத்தினம் கரண்டியைக் கீழே வைத்தான். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தட்டை மறுபடி துழாவினேன். முதலாளி மாவு வாங்கி வைத்திருந்தால் காலையில் தட்டில் இரண்டு பொட்டலம் இருந்திருக்க வேண்டும். இருந்தது ஒன்று. அது எது?

பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவை முகர்ந்து பார்த்தோம். ஏதோ வாடை வருகிறது என்றான் அவன். எனக்குப் பெருங்காயம்தான் தெரிந்தது. மறுபடி முகர்ந்தபோது எனக்கும் ஏதோ வாடை வந்தது, அவனுக்கு வரவில்லை. பயந்துபோனவர்களின் மூக்கை நம்பாதீர்கள், பிள்ளைகளே. பிறகு அவன் மெதுவாக, "நானும் ரெண்டு துன்னேன், கஸ்தூரி" என்றான்.

ஏகாம்பரம் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதை இன்றைக்கும் நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவருக்கு எங்களைவிட அதிகம் பயம், ஏனென்றால் அவருக்கு உலகம் தெரியும். முதலில் முனிரத்தினத்தை உப்புத் தண்ணீர் குடித்து வாந்தியெடுக்கச் சொன்னார். அவன் கடைக்குப் பின்னால் ஓடினான். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். பஸ் போய்விட்டது. வழியில் எத்தனையோ கடை. யாருக்காவது ஏதாவது ஆனாலும் எங்கே தின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். நீ போய் வாயைத் திறந்தால் கடை போய்விடும், போலீஸ் வரும், கலந்தவன் உள்ளே போவான்.

"பேசாம இரு. என் மாமா வரட்டும்" என்றார்.

மாமா என்று அவர் சொன்னது எங்கள் முதலாளியை. தட்டில் இருந்த பொட்டலம் எது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆனால் பொன்னேரியிலிருந்து அவர் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அதற்குள் பஸ் ஆந்திர எல்லையில் இருக்கிற தடாவைத் தாண்டிவிடும். அப்புறம் ஆளுக்கு ஒரு ஊரில் இறங்கிவிடுவார்கள், யாரைத் தேடுவது?

எனக்குத் துணிச்சல் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். என் மனதில் நியாயம், தர்மம் என்றெல்லாம் எதுவும் ஓடவில்லை. அந்தக் கிழவியம்மா பஜ்ஜியை ஊதிக்கொண்டிருந்ததுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த முகத்தை நான் பார்க்காமல் இலையை மட்டும் நீட்டியிருந்தால் ஒருவேளை ஏகாம்பரம் சொன்னதைக் கேட்டிருப்பேன். அதனால்தான் கேன்டீனில் என்னிடம் வேலைக்கு வந்தவர்களிடமெல்லாம், தட்டை நீட்டும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மரியாதைக்காகச் சொல்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு லாரி டிரைவர் டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் வடக்கே போகிறவர். முனிரத்தினம் வாயைத் துடைத்தபடி வந்தான். நான் அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸைத் துரத்தப்போகிறேன் என்று அதைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"நான் போறேன். நீ இரு" என்றான். இரண்டடி போய்த் திரும்பி வந்தான். "நீயும் வா. நான் சொன்னா கேக்கறதுக்கு முன்னாலயே அடிப்பாங்கோ. பொண்ணு சொன்னா ஒரு நிமிசம் நின்னு கேப்பாங்கோ."

அந்தக் காலத்தில் ஒரு வயசுப்பெண் லாரியில் ஏறினாள் என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். நான் ஏறினேன். ஏகாம்பரம் கடை வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். எங்களைத் தடுக்கவும் இல்லை, போங்கள் என்று சொல்லவும் இல்லை.

டிரைவருக்கு விஷயத்தைச் சொன்னோம். அவர் வண்டியை விரட்டினார். கவரைப்பேட்டையில் அந்த பஸ் இல்லை. கும்மிடிப்பூண்டியில்தான் பிடித்தோம். ஆள் ஏற்றிக்கொண்டு நகர ஆரம்பித்திருந்தது. டிரைவர் லாரியை அதன் முன்னால் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். கண்டக்டர் கோபத்தோடு இறங்கி வந்தார். நடுத்தர வயது, தொண்டை கட்டிய குரல். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பஸ்ஸில் ஏறி "விஷம்" என்று கத்தினால் என்ன ஆகும்? கதவு பக்கம் எல்லாரும் பாய்வார்கள். குழந்தைகள் மிதிபடும். ஒன்றும் தின்னாதவனுக்குக்கூட வயிறு வலிக்கும். அதனால் நான் கண்டக்டரை மட்டும் தனியாக ஓரத்துக்கு அழைத்தேன்.

"அண்ணே, புதுவாயல்ல எங்க கடைல பஜ்ஜி துன்னவங்களை மட்டும் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும். மாவுல பூச்சிமருந்து கலந்துகீதோன்னு சந்தேகம். கலந்துச்சான்னு எங்களுக்கு நிச்சயமா தெரியாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முனிரத்தினத்தைப் பார்த்தார். அவன் சட்டையில் வாந்தியின் ஈரம் காயவில்லை. அதைப் பார்த்துத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். லாரி ஒதுங்கி வழிவிட்டது. அவர் பஸ்ஸில் ஏறினார், நாங்களும் பின்னாலேயே ஏறினோம். கண்டக்டர் பஸ் டிரைவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு திரும்பி, டிக்கெட் கேட்கிற அதே குரலில் சொன்னார்.

"புதுவாயல்ல பஜ்ஜி சாப்புட்டவங்க மட்டும் கை தூக்குங்க."

ஏதோ இலவசமாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, பஸ்ஸில் முக்கால்வாசிக் கை மேலே போனது. கும்மிடிப்பூண்டியில் ஏறிய ஒருவர்கூடத் தூக்கினார். அதற்குள் பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே இருந்தது. சிறிய ஆஸ்பத்திரி, ஒரே ஒரு டாக்டரம்மா. கண்டக்டர் கீழே இறக்கி வரிசையாக நிறுத்திய பிறகுதான் காரணத்தைச் சொன்னார். முனிரத்தினம் அதையே தெலுங்கில் சொன்னான்.

சிலர் அழுதார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து முனிரத்தினத்தின் கன்னத்தில் அறைந்தார். அவன் நகரவில்லை. இரண்டாவது முறை கை ஓங்கியபோது கண்டக்டர் நடுவில் வந்து, அறைவதற்கு அப்புறமாக நேரம் இருக்கிறது, முதலில் உள்ளே போங்கள் என்றார்.

டாக்டரம்மா என்னைக் கேட்டது கொஞ்சம்தான். என்ன மருந்து? எவ்வளவு கலந்தது? எப்போது தின்றார்கள்? கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. மற்றதெல்லாம் தெரியாது என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. தெரிந்த மாதிரி எதையாவது நான் உளறியிருந்தால் அதை நம்பி ஏதாவது மருந்து கொடுத்திருப்பார், அதுவே ஆபத்தாகியிருக்கும் என்று பிறகு ஒரு நாள் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவசர நேரத்தில் கூச்சப்படாதீர்கள். இதை நான் அங்கேதான் கற்றேன்.

பெரியவர்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தார். அன்றைக்கு அதுதான் வழக்கம். இப்போது அப்படிச் செய்யக் கூடாதாம், உங்களில் யாரும் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வேலிக்காத்தான் புதர் ஓரமாக ஒரு பஸ் ஜனமும் குனிந்து நின்றது. கிழவியம்மாவின் பேரனை மட்டும் டாக்டரம்மா தன் மேஜைமேல் உட்கார வைத்துக் கண்ணையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் அவன் கால் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவன் கண் செருகுகிறதா, வாயில் நுரை வருகிறதா என்று பார்த்துப் பார்த்து எனக்கே கண் இருட்டியது. முனிரத்தினம் வாசல்படியில் தலையைக் கையில் தாங்கியிருந்தான்.

எவ்வளவு நேரம் போனதோ. வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து குதித்து ஏகாம்பரம் ஓடி வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். சுற்றிய நூல் பிரியவில்லை.

"கீது," என்றார். மூச்சு வாங்கியது. "இங்கதான் கீது. யாரும் துன்னல."

விஷயம் இதுதான். முந்தின நாள் இரவு முதலாளி கடையைப் பூட்டும்போது, மாவுக்குப் பக்கத்தில் பூச்சிமருந்தைப் பார்த்திருக்கிறார். தின்கிற பண்டம் இருக்கிற இடத்தில் இதை வைத்திருக்கிறானே என்று மைத்துனரைத் திட்டிக்கொண்டே அதை எடுத்துப்போய் எதிரே இருந்த சைக்கிள் கடையில் கொடுத்து வைத்துவிட்டார். எங்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் கிளம்பிப் போன பிறகு ஏகாம்பரத்தால் சும்மா நிற்க முடியவில்லை. அக்கம்பக்கமெல்லாம் விசாரித்து, கடைசியில் சைக்கிள் கடையில் பொட்டலத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எங்கள் பஸ்ஸைப் பார்த்து இறங்கியிருக்கிறார். நாங்கள் பஜ்ஜியில் போட்டது அரிசி மாவுதான்.

டாக்டரம்மா பொட்டலத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்தார், தலையசைத்தார். முனிரத்தினம் படியிலேயே சாய்ந்து படுத்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

புதர் ஓரத்திலிருந்து கிழவியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அப்போ நான் நல்ல பஜ்ஜியத்தான் கக்கிட்டேனா?" என்று கேட்டார்.

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாருக்கும் அது தொற்றிக்கொண்டது. வாந்தியெடுத்துக் களைத்துப் போயிருந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். டாக்டரம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நெல்லூரில் அவருக்கு ஏதோ முக்கியமான வேலை கெட்டுப்போயிற்று. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. கண்டக்டர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விசில் ஊதி ஆட்களை ஏற்றினார். இவ்வளவு தாமதத்துக்கு அவர் டிப்போவில் பதில் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் கடைக்குத் திரும்பியபோது முதலாளி வந்திருந்தார். நாங்கள் பாதியில் கடையை விட்டுவிட்டுப் போனதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "எதுனா துன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அவரே தோசை ஊற்றி எங்களுக்குப் போட்டார்.

ஆனால் அதோடு முடியவில்லை. ரோடு முழுக்கப் பேச்சுப் பரவிவிட்டது. பூச்சிமருந்து பஜ்ஜிக் கடை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பொட்டலம் வேறிடத்தில் இருந்த கதை அந்தப் பேச்சோடு சேர்ந்து போகவில்லை. பஸ்கள் கொஞ்சம் தள்ளிப்போய் வேறு கடையில் நின்றன. முனிரத்தினம் காய்ந்த எண்ணெயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஒரு நாள், நாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, கடையும் நன்றாக ஓடியிருக்கும் என்றான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் அது நமக்குத் தெரியாதே என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் நெல் அறுப்பு முடிகிற சமயம், ஒரு காலையில் அதே பஸ் வேகம் குறைந்து எங்கள் கடை முன்னால் நின்றது. அதே கண்டக்டர். ஜனங்கள் இறங்கத் தயங்கினார்கள். அவர்களுக்குள் யாரோ ஒருவர், இந்தக் கடைதானே அது என்று கேட்டார். கண்டக்டர் படியில் நின்றபடி உள்ளே திரும்பிச் சொன்னார். தொண்டை கட்டிய அந்தக் குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"பயப்படாம துன்னுங்க. வேற கடைல எதுனா ஆனா உங்க தலையெழுத்து. இங்க எதுனா ஆச்சின்னா இதுங்க ரெண்டும் லாரி புட்சிக்கினு பின்னாலயே வந்து சொல்லும்."

அவரே முதலில் வந்து கையை நீட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டி இன்னும் சரியாகக் காயவில்லை, கொஞ்சம் பொறுக்கணும் என்றான் முனிரத்தினம். பரவாயில்லை, பஸ் நிற்கும் என்றார் கண்டக்டர்.